ஒலியில்லாக் குறுந்தகடு

அந்த அலுவலகத்தில் லிஃப்ட் மெக்கானிக்கை முதன்முதலாகச் சந்தேகப்பட்டவர் வாசல் காவலாளி. "கையில என்ன?" என்று கேட்டார். மெக்கானிக் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "ஒண்ணும் இல்லைங்க" என்றார். காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டில் எழுதினார்: 'கையில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்.'

மெக்கானிக்குக்கு இது புதிது. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட்டோடு வாழ்ந்தவர். லிஃப்ட் யாரையும் சந்தேகப்படாது, பொத்தானை அழுத்தினால் வரும். வராவிட்டால் எங்கோ கோளாறு, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் மறுபடி வரும். உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி அவர்.

நடந்தது இவ்வளவுதான். அவர் வேலை பார்த்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டின் பிரேக் வழுக்க ஆரம்பித்தது. காலையில் தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று, "இதை நிறுத்தணும்" என்று இன்ஜினியரிடம் சொன்னார். "ஓட்டு, நான் பாத்துக்கறேன்" என்றார் இன்ஜினியர். மத்தியானம் லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த இரண்டு குமாஸ்தாக்களுக்குக் கால் முறிந்தது. விசாரணையில் இன்ஜினியர் கூசாமல் கதையை அப்படியே மாற்றிப் போட்டார்: "ஓட்டாதேன்னு நான் எச்சரிச்சேன். இவன்தான் கேக்கலை."

மெக்கானிக் சஸ்பெண்ட் ஆனார். வேலை போவது ஒரு பக்கம், இரண்டு பேர் காலை ஒடித்தவன் என்ற பெயர் இன்னொரு பக்கம். அவருக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு சிடி. லிஃப்ட் கதவுக்கு எதிரே ஒரு கேமரா இருந்தது. படம், பேச்சு இரண்டையும் பிடித்து, வாரக் கடைசியில் ஒரு சிடியில் ஏற்றிவிட்டுத் தன்னிடம் இருந்ததை அழித்துவிடும் பழங்காலக் கேமரா. அந்த வாரத்துச் சிடியை, யாரும் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே, விசாரணைக்காரர்கள் உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். இனி அதைப் போட்டுப் பார்க்கும் உரிமை உலகத்திலேயே ஓர் இடத்துக்குத்தான் உண்டு. அதுதான் அந்தக் காவலாளி நிற்கும் அலுவலகத்தின் நான்காம் மாடியில் இருக்கும் குறுந்தகடு சரிபார்ப்புப் பிரிவு.

பிரிவுக்கு வெளியே நடைபாதையில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு சிடிக்காக வந்தவர்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சாட்சிகள் கூடிப் பேசியதாகக் கணக்கு என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

உள்ளே நட்ட நடுவில் ஒரு கம்ப்யூட்டர். பிரிவு தொடங்கிய வருடத்தில் வாங்கியது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இப்போது பல் துலக்காதவன் பல் நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குத் துணி உறை. சரிபார்ப்பு அலுவலர் தலையசைத்ததும் ஆபரேட்டர் கையுறை மாட்டிக்கொண்டு உறையைக் கழற்றி நான்காக மடித்தார். "உறை அகற்றப்பட்டது" என்றார் அலுவலர். ஆபரேட்டர் எழுதிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்கள். கம்ப்யூட்டர் கண்விழிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் எல்லோரும் நின்றார்கள். உட்கார்ந்தால் என்ன என்று மெக்கானிக்குக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அலுவலர் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. "இங்க நாங்க யாரையும் நம்ப மாட்டோம்" என்று ஆரம்பித்தார். "அதுதான் எங்க நேர்மை. மனுஷன் பொய் சொல்வான், குறுந்தகடும் பொய் சொல்லும். இந்த மெஷின் மட்டும் பொய் சொல்லாது. ஏன் தெரியுமா? இதை ரிப்பேர்காரன் ஒருத்தன்கூடத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. வாங்கினப்ப என்னென்ன கோளாறு இருந்ததோ, எல்லாம் இன்னைக்கும் அப்படியே இருக்கு."

முதல் நாள் சிடி வைக்கும் தட்டு வெளியே வரவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். "தட்டு மறுக்கிறது" என்று எழுதிக்கொண்டார் ஆபரேட்டர். முகப்பில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி அதில் விட்டுத் தள்ளினால் தட்டு வந்துவிடும் என்று மெக்கானிக்குக்குப் பார்த்தவுடனேயே பட்டது. லிஃப்ட் கதவிலும் இப்படி ஒரு துளை உண்டு. சொன்னார். அலுவலர் முகம் மாறியது. "அந்த ஓட்டை எதுக்குன்னு எங்களுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். 'மேற்படி துளையை இதற்கு முன் நான் பார்த்ததில்லை' என்று கையெழுத்துப் போட்டார். பிறகு கிளிப்புக்கு விண்ணப்பம் போய், பன்னிரண்டு நாள் கழித்துக் கிளிப் வந்தது. தட்டும் வந்தது. அதில் வேறு யாருடைய சிடியோ மூன்று வருடத் தூசியோடு படுத்திருந்தது. அது தன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுக்க மெக்கானிக்குக்கு அன்றைய பொழுது சரியாகப் போயிற்று.

அடுத்த தடவை சிடியை வைத்தார்கள். வட்டு காலி என்றது கம்ப்யூட்டர். 'வெற்றுக் குறுந்தகடு' என்று எழுதிக்கொண்டே ஆபரேட்டர் முத்திரையை எடுத்தார். தட்டு வெளியே வந்ததும் மெக்கானிக் எட்டிப் பார்த்தார். சிடி தலைகீழாக இருந்தது. பளபளப்பான பக்கம் மேலே, பெயர் எழுதிய பக்கம் கீழே.

"சார், திருப்பி வெச்சிருக்காங்க."

"திருப்பியா?" என்று சிரித்தார் அலுவலர். "எழுத்து இருக்கற பக்கத்தைத்தானே மெஷின் படிக்கணும்? வெறும் பக்கத்துல என்ன இருக்கு படிக்க?"

மெக்கானிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை, விண்ணப்பதாரரின் சொந்தப் பொறுப்பில், சிடி திருப்பி வைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் உறுமிற்று, சிடி சுழன்றது. ஆபரேட்டர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அவர் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, ஒரு சிடி சுழன்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைய சோதனை அத்துடன் நிறுத்தப்பட்டு, கோப்பில் மெக்கானிக்கின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது: 'குறுந்தகடுகள் குறித்து முன்கூட்டியே அறிந்தவர். கவனிக்கவும்.'

வீட்டில் மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் பிழைப்பு. "மாமா, என்னைக் கூட்டிட்டுப் போங்க. அரை மணி நேர வேலை. நான் முடிச்சுத் தரேன்" என்றான். அதற்கும் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். பதில் வந்தது: விண்ணப்பதாரர் தன்னுடன் ஒரு துணையாளை அழைத்து வரலாம். ஆனால் துணையாளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

மூன்றாவது தடவை படம் வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் மிகக் குறைந்த நிறங்களில் நின்றுகொண்டிருந்ததால் இன்ஜினியரின் முகம் பச்சையாக இருந்தது. 'பச்சை முகமுடைய நபர் இன்ஜினியர்தான் என்பதற்கு ஆதாரமில்லை' என்று எழுதினார்கள். இன்ஜினியரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அவர் எந்தச் சமயத்திலாவது பச்சையாக இருந்ததுண்டா என்று விசாரித்தார்கள். இல்லை என்று பதில் வர ஒரு மாதம். மச்சான் சொன்னபடி, திரையின் நிற அமைப்பை மாற்றினால் போதும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தது பலிக்க இன்னொரு மாதம். கடைசியில் எல்லோருக்கும் மனித நிறம் வந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

திரையில் மெக்கானிக் நின்றார், வாய் அசைந்தது. எதிரே இன்ஜினியர் நின்றார். திடீரென்று சுட்டுவிரலை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்ட்டுக்குள் போனார். அவ்வளவுதான் படம்.

அலுவலர் அதை ஐந்து தடவை போட்டுப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றே சொல்லலாம். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "குழந்தைக்குக்கூடப் புரியுமே. விரலை ஆட்டறார். வேண்டாம், ஓட்டாதேங்கறார். நீங்க கேக்காம உள்ள போறீங்க."

"இல்லை சார்! நிறுத்தறதெல்லாம் முடியாதுன்னு சொல்லித்தான் விரலை ஆட்டினாரு. சத்தம் வந்தா தெரியும் சார்."

"சத்தம் வரலையே."

"சிடியில இருக்கும் சார். இங்க ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு."

ஆபரேட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அலுவலரின் குரல் தணிந்து, பயங்கரமாக ஆனது. "மெஷினைச் சந்தேகப்படறீங்களா?"

அந்த அறையில் சந்தேகப்படும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. 'ஒலியில்லாக் குறுந்தகடு எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று ஒரு தாளில் அடித்து, அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டில் மனைவி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டதே அவருக்குச் சரியாகப் படவில்லை. சாதாரணமாகத் தைத்துக்கொண்டேதான் கேட்பாள்.

"அந்த ஆளு விரலை ஆட்டினது வேணாம்னு சொல்ற மாதிரியா இருந்துச்சு?"

"பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மெக்கானிக் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் அவள். "கால் முறிஞ்ச ரெண்டு பேருல ஒருத்தரோட சம்சாரம் கடைவீதியில என்னைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. நான் பதில் சொல்லணும்ல? நிஜமாவே நீங்க நிறுத்தணும்னு சொன்னீங்களா? இல்லை, சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு சும்மா வந்துட்டீங்களா? உங்க சுபாவம் எனக்குத் தெரியும். சொல்ல நினைச்சதை எல்லாம் சொல்லிட்டதா நினைச்சுக்குவீங்க."

மெக்கானிக் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். அலுவலர் சந்தேகப்பட்டது அவர் உத்தியோகம். காவலாளி சந்தேகப்பட்டது அவர் பழக்கம். பதினேழு வருடம் கூட வாழ்ந்தவள் சந்தேகப்பட்டால் மனிதன் எங்கே போவான்? அதைவிட மோசம், அந்த ஐந்து தடவை பார்த்த ஊமைப் படம் அவருக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டது. தன் வாய் அசைந்தது ஞாபகம் இருந்தது. அதிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்பதில் இப்போது அவருக்கே முழு நிச்சயம் இல்லை.

மச்சான்தான் விடவில்லை. "மாமா, பழைய கம்ப்யூட்டர்ல சத்தம் வரலைன்னா நாலே காரணம்தான். ஸ்கிரீன் மூலையில ஸ்பீக்கர் படத்து மேல சிவப்புக் கோடு இருக்கா பாருங்க. ஸ்பீக்கர்ல லைட் எரியுதா பாருங்க. வயரைப் பச்சை ஓட்டையில சொருகியிருக்காங்களா பாருங்க. கடைசியா, வால்யூம் திருகு எங்க நிக்குதுன்னு பாருங்க. தொட வேணாம், பாத்தா போதும்."

பார்ப்பதற்கு அனுமதி கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபரேட்டர் பத்து எண்ணும்வரை பார்க்கலாம். மெக்கானிக் பார்த்தார். சிவப்புக் கோடு இல்லை. லைட் எரிந்தது. வயர் பச்சை ஓட்டையில்தான் இருந்தது. ஆபரேட்டர் எட்டு என்று எண்ணும்போது திருகைப் பார்த்தார். அது குறைந்த பக்கம் கடைசி வரை திருகப்பட்டு நின்றது. அதன் மேல் கோழிமுட்டை அளவுக்குச் சிவப்பு அரக்கு. அரக்கின் மேல் அலுவலக முத்திரை.

"சார், இது என்ன?"

"தணிக்கைக் குழுவோட முத்திரை" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அலுவலர். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வந்தாங்க. எல்லாம் நல்லா இருக்கு, இனிமே யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு, இருந்தது இருந்தபடி முத்திரை வெச்சுட்டுப் போனாங்க. இந்த மாதிரி முத்திரை வேற எந்தப் பிரிவுலயும் கிடையாது."

"அன்னைக்கு ஏன் சார் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருந்தீங்க?"

"குழுத் தலைவர் ஃபோன்ல பேசிட்டிருந்தாரு. மரியாதைக்கு நான்தான் குறைச்சேன்."

மெக்கானிக் மறுபடி அரக்கைப் பார்த்தார். "அப்படின்னா பதினோரு வருஷமா..."

"ஆமா" என்று பெருமூச்சு விட்டார் அலுவலர். "பதினோரு வருஷமா ஒரு குறுந்தகட்டுலயும் சத்தம் இல்லை. பாத்துக்கோங்க, ஜனங்க எவ்வளவு துணிஞ்சு பொய்க் குறுந்தகடு கொண்டு வர்றாங்கன்னு."

மெக்கானிக் தணிக்கைக் குழுவுக்கு எழுதினார். குழு கலைந்துபோயிருந்தது. கலைந்த குழு வைத்த முத்திரையை யார் உடைப்பது என்று ஐந்து மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில், யாருக்கும் ஆட்சேபணை இல்லாததாலும், அந்தக் கடிதங்களைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லாததாலும், முத்திரையை உடைக்க உத்தரவு வந்துவிட்டது.

முத்திரை உடைக்கும் நாளில் துணையாளாக மனைவியை அழைத்துக்கொண்டு போனார். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார் அலுவலர். "தையல் மெஷின் தெரியும்" என்றாள் அவள். அதைப் பற்றி யோசித்துவிட்டு, உள்ளே விட்டார்கள். வழியில் நடைபாதைப் பெஞ்சுக்காரர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆபரேட்டர் சின்னச் சுத்தியலால் அரக்கைத் தட்டினார். கெட்டி அரக்கு. அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டி, பிடித்து முறுக்கினார். அரக்கு படாரென்று தெறித்தது, திருகு அவர் விரலோடு மறுகோடி வரை சுற்றிக்கொண்டு போயிற்று. அதைத் திருப்பிக் குறைக்கலாமா என்று உத்தரவில் இல்லை. அதனால் அப்படியே விட்டார்கள். சிடியைப் போட்டார்கள்.

முதலில் அறை அதிரும்படி ஓர் இரைச்சல். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், யாரோ தும்மியது. அப்புறம், சுவர் இடிந்து விழுவதுபோல மெக்கானிக்கின் குரல்.

"சார், பிரேக் வழுக்குது சார். ரெண்டு தடவை பாத்துட்டேன். இன்னைக்கு நிறுத்தியே ஆகணும். ஆள் ஏறக் கூடாது சார், தயவு செஞ்சு சொல்றேன்."

"நிறுத்தினா மேல இருக்கறவங்க படியேறி வருவாங்களா? அதெல்லாம் முடியவே முடியாது!" திரையில் விரல் ஆடியது. "பேசாம ஓட்டு. நான் பாத்துக்கறேன்."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தன் குரலைத் தானே கேட்டு ஒரு மனிதன் அழுவது அந்த அறையில் அதுதான் முதல் தடவை. அதை ஆபரேட்டர் எழுதிக்கொள்ளவில்லை.

படம் முடிந்தது. அலுவலர் தான் கையெழுத்துப் போட்ட சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மிகவும் பிரியமாகப் பேசினார்.

"உக்காருங்க. அம்மா, நீங்களும் உக்காருங்க. பாருங்க, இது ஒலியில்லாக் குறுந்தகடுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப சத்தம் வருதுன்னா, ஒண்ணு என் கையெழுத்து பொய்யா இருக்கணும், இல்லைன்னா இந்தச் சத்தம் பொய்யா இருக்கணும். என் கையெழுத்தை எனக்கு இருபத்தெட்டு வருஷமா தெரியும். இந்தச் சத்தத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அலுவலர் சுவரோரம் கை காட்டினார்.

"அந்த பீரோவைப் பாருங்க. எண்ணூத்தி முப்பது குறுந்தகடு. ஒண்ணுலயும் சத்தம் இல்லைன்னு முடிவாகி, தீர்ப்பாகி, ஜனங்க போய்ட்டாங்க. வேலை போனவன் வேற தொழில் பாத்துக்கிட்டான். வீடு போனவன் வேற வீடு பாத்துக்கிட்டான். எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. இப்போ உங்க ஒருத்தருக்காகச் சத்தம் வந்துச்சுன்னு வெச்சா, அவ்வளவு பேரோட நிம்மதியும் கெட்டுடும். உங்களுக்கு மனசு வருமா?"

ஒரு படிவத்தை நகர்த்தி வைத்தார். 'ஒலி கேட்டதா?' என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே காலி இடம்.

"இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சந்தேகத்தோட பலனை உங்களுக்குக் குடுத்து, வர திங்கக்கிழமையே வேலையில சேத்துக்கச் சொல்றேன். இது என் வார்த்தை. ஆமான்னு எழுதினீங்கன்னா, ஒலியில்லாக் குறுந்தகட்டுல ஒலி சேத்ததா உங்க மேல புது விசாரணை. அது எத்தனை வருஷமோ, எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை. ஒன்றரை வருடமாக அவர் விடிய விடியக் கனவு கண்ட திங்கட்கிழமை. மெக்கானிக் பேனாவை எடுத்தார். மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டாச்சு" என்றாள் அவள். "உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. இனிமே யார் எங்க முகத்தைத் திருப்பினாலும் நான் பதில் சொல்லிக்குவேன். மத்தது உங்க இஷ்டம். வேலை வேணும்னா போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனுஷி. அவள் அப்படிச் சொன்னது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பேனா காகிதத்தில் பட்டது. 'இ' என்று எழுதிவிட்டார். அந்த நேரத்தில் கதவு திறந்தது.

நடைபாதையில் காத்திருந்த ஒரு பெண் தலையை நீட்டினாள். கக்கத்தில் ஒரு பை. அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"உள்ள வரக் கூடாது!" என்று அலறினார் அலுவலர்.

"வரலை சார், இங்கயே நிக்கறேன். மன்னிச்சுக்குங்க, வெளிய எல்லாரும் என்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க, அதான்." அவள் அறைக்குள் இருந்தவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "பிரேக் வழுக்குதுன்னு அந்த ஆளு அவ்வளவு கெஞ்சினாரே. அப்புறம் என்ன ஆச்சு? லிஃப்ட்டை நிறுத்தினாங்களா, இல்லையா?"

மெக்கானிக் எழுந்து நின்றார். ஒன்றரை வருடமாக அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை.

"நிறுத்தலைம்மா" என்றார். "ரெண்டு பேருக்குக் கால் போச்சு."

நடைபாதையில் யாரோ 'அடப் பாவிகளா' என்றார்கள். மெக்கானிக் குனிந்து, எழுதிய 'இ' மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் 'கேட்டது' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்தில் 'வேறு எவருக்கேனும் கேட்டதா?' என்று இருந்தது. பேனாவை மனைவியிடம் கொடுத்தார். அவள் தன் பெயரை எழுதிவிட்டு, படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கதவில் கூடி நின்றவர்களை நோக்கி நடந்தாள்.